ப்ரெடிக்டட் கிரேடு பி பி சி தான் குடுத்திருக்காங்க, யூகாஸ்ல அஞ்சு சாய்ஸை எப்படி பிரிச்சு போடறது?

மில்டன்கீன்ஸ் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்க இங்கிலாந்துல பொண்ணு இயர் 13, அதாவது நம்ம ப்ளஸ் டூ மாதிரி ஏ லெவல் கடைசி வருஷம், மேத்ஸ், பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கா. டிகிரிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு ஒன்பதாவது படிக்கறப்பலேர்ந்து சொல்றா. சம்மர்ல வார்விக், சதாம்ப்டன் ரெண்டு ஓபன் டேக்கும் கூட்டிட்டுப் போனோம், வார்விக்லேர்ந்து குடுத்த துணிப்பையை இன்னும் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறா. போன வாரம் ப்ரெடிக்டட் கிரேடு, அதாவது கடைசியில இவ்வளவு வாங்குவான்னு டீச்சருங்க முன்கூட்டியே போடறது, வந்துச்சு, பிசிக்ஸ் பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பி, மேத்ஸ் சி. இயர் 12 கடைசி பரீட்சையை வெச்சு போட்டதாம். மாத்துவீங்களான்னு கேட்டா நவம்பர் மாக், அதாவது மாதிரிப் பரீட்சை, பாத்துட்டு யோசிக்கலாம்ங்கறாங்க.

யூகாஸ்ங்கற பொது அப்ளிகேஷன்ல அஞ்சு சாய்ஸ்தான் போடலாம். வீட்டுக்காரர் என்ன சொல்றார்னா அஞ்சும் பெரிய யூனியா போடு, ஆகஸ்ட்ல மார்க் வரட்டும், எடம் தன்னால கெடைக்கும்ங்கறார். நான் அஞ்சும் நிச்சயமா கெடைக்கற எடமா போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்ங்கறேன். நம்ம ஊர்னா மார்க் வந்தப்புறம்தானே கவுன்சிலிங்கு, கட்ஆஃப் பாத்து காலேஜ் எடுக்கலாம், இங்க மார்க் வர்றதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே கேக்கறாங்க, எனக்கு இந்த சிஸ்டமே புரியல. அவ ரூம் கதவை சாத்திட்டு உக்காந்திருக்கா. ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) போன வருஷமே வந்துடுச்சு, இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, அதனால உள்ளூர் பிள்ளைங்களுக்கான ஹோம் ஃபீஸ்தான், அந்தக் கவலை இல்ல. கடைசி தேதி 2026 ஜனவரி 14 சாயந்தரம் 6 மணி, ஆனா ஸ்கூல்ல நவம்பர் கடைசிக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும்ங்கறாங்க. யாராச்சும் இந்த நெலமையைத் தாண்டி வந்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

கணக்கு டீச்சர்

நான் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம்ல (ஏ லெவல் நடத்தற ஸ்கூல்) மேத்ஸ் எடுக்கறேன், வருஷா வருஷம் இந்த ப்ரெடிக்ஷன் போட்டு திட்டு வாங்கற கூட்டத்துல நானும் ஒருத்தி, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு கசப்பான விஷயம். டீச்சருங்க கம்மியா போடறாங்கன்னு எல்லா பெத்தவங்களும் நெனைக்கறாங்க, நெஜத்துல தலைகீழ். 2016ல யூசிஎல்ங்கற லண்டன் யூனிலேர்ந்து வந்த ஒரு ஆய்வுல, ப்ரெடிக்ட் பண்ணினதை அப்படியே வாங்கின பிள்ளைங்க 16 சதவீதம்தான், 75 சதவீதம் பேருக்கு அதிகமாவே போட்டிருந்தாங்கன்னு வந்துச்சு. அதனால "சி போட்டிருக்காங்க, அப்போ எப்படியும் ஏ வாங்குவா"ன்னு கணக்கு போடாதீங்க. அதே சமயம் சி தான் அவ தலையெழுத்துன்னும் இல்ல. இயர் 12 பரீட்சையில பாதி சிலபஸ்தான் வரும், பிள்ளைங்க பதினாறு வயசுல எழுதற ஜிசிஎஸ்இக்குப் படிச்ச மாதிரியே கடைசி வாரம் படிச்சா போதும்னு வந்து அடிபடற பரீட்சை அது. அந்த பேப்பரை வாங்கிப் பாருங்க, அது ரொம்ப முக்கியம். மார்க் எங்க போச்சு? ப்யூர்ல, அதாவது அல்ஜீப்ரா, கால்குலஸ் பகுதில, பரவலா போயிருந்தா அல்ஜீப்ராவே ஆடுதுன்னு அர்த்தம், அது சரியாக மாசக்கணக்கு ஆகும். மெக்கானிக்ஸ்ல மட்டும் ஒரு எட்டு பத்து மார்க் கொத்தா போயிருந்தா, ஃபோர்ஸ் டயக்ராம் போடாம நேரா ஈக்வேஷன் எழுதற பழக்கம்தான் காரணமா இருக்கும், என் கிளாஸ்ல பாதி பேர் அப்படித்தான், அதை நவம்பர் மாக்குக்குள்ள சரி பண்ணிடலாம். எந்த வகைன்னு தெரிஞ்சாதான் மத்ததை முடிவு பண்ண முடியும்.

அப்புறம் ஸ்கூலுக்கு நீங்க மெயில் எழுதாதீங்க, அவளை எழுதச் சொல்லுங்க. "மாத்துவீங்களா"ன்னு கேக்காம "மாக்ல எவ்வளவு வாங்கினா பி போடுவீங்க"ன்னு கேக்கச் சொல்லுங்க. அந்தக் கேள்விக்கு நாங்க பதில் சொல்லியே ஆகணும், தப்பிக்க வழி கெடையாது :)

இனி அஞ்சு சாய்ஸ். பி பி சி ன்னா யூகாஸ் கணக்குல 40, 40, 32, மொத்தம் 112 புள்ளி. இங்கதான் நெறைய பேர் ஏமாறறாங்க. ஒரு யூனி பேஜ்ல 112ன்னு பாத்ததும் லிஸ்ட்ல சேத்துடறாங்க, கீழ சின்ன எழுத்துல "மேத்ஸ்ல பி கட்டாயம்"னு இருக்கும், அதைப் படிக்கறதில்ல. உங்க பொண்ணுக்கு பிரச்சனையே மேத்ஸ் சி தான், மொத்தப் புள்ளி இல்ல. மேத்ஸ் ஏ லெவலே கேக்காத கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்சும் இருக்கு, மேத்ஸ்ல ஏ இல்லாம திரும்பிக்கூட பாக்காத கோர்சும் இருக்கு, பேரு மட்டும் ஒண்ணு. அதனால ஒவ்வொரு யூனியோட சொந்த பேஜ்லயும் மேத்ஸ் வரியைத் தனியா எழுதி வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் யூகாஸ்ல அந்தக் கோர்ஸ் பேஜுக்குப் போனா முன்ன சேந்தவங்க உண்மையில என்ன கிரேடோட உள்ள போனாங்கன்னு காட்டறாங்க. கேக்கற கிரேடு ஒண்ணு, எடுத்துக்கற கிரேடு இன்னொண்ணுன்னு அங்க பாத்தா புரியும், சில எடத்துல அந்த வித்தியாசம் பெருசாவே இருக்கும், சில எடத்துல ஒரு இஞ்ச் கூட எறங்க மாட்டாங்க.

நானா இருந்தா எட்டாத உயரத்துக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அவளுக்கு உயிரா இருந்தா மட்டும். ஒரு கிரேடு மேல கேக்கறது ரெண்டு, ப்ரெடிக்ஷனுக்கு நேரா ஒண்ணு, கீழ ஒண்ணு. அந்தக் கீழ இருக்கற ஒண்ணு அவ நெஜமா போக சம்மதிக்கற எடமா இருக்கணும், பேருக்கு போட்டு வெக்கற எடமா இருந்தா அந்த வரியே வீண். வார்விக்கை எடுத்துடுங்க. அங்க இந்தக் கோர்சுக்கு ஏ ஸ்டார்ல பேசறாங்க, மேத்ஸ் சி யோட அப்ளை பண்ணினா அஞ்சுல ஒண்ணு போச்சு, அவ்வளவுதான். பையை வெச்சுக்கலாம்.

---

ஹரோ அண்ணன்

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. என்ர மகன் 2023ல இந்தக் கூத்தெல்லாம் பாத்தவன், நாங்கள் விட்ட பிழையைச் சொல்லுறன், நீங்கள் விடாதேங்கோ.

அவனுக்கு ஏ ஏ பி எண்டு ப்ரெடிக்ட் பண்ணினவை. ஃபர்ம், அதாவது முதல் தெரிவு, கேட்டது ஏ ஏ பி, இன்சூரன்ஸ், அதாவது அது தவறினாப் போற இடம், கேட்டது ஏ பி பி. ஒரு கிரேடுதான் வித்தியாசம். இன்சூரன்ஸ் எண்டா வீடு எரிஞ்சா உதவுறதுக்குத்தானே, நாங்கள் எடுத்தது பக்கத்து அறை மாதிரி, ரெண்டும் சேந்து எரிஞ்சது. ஆகஸ்ட் 17 காலமை ரிசல்ட், பி பி சி. எட்டரைக்கு ரெண்டு இடமும் இல்லை எண்டு வந்திட்டுது, ஆள் நேரா கிளியரிங்குக்குள்ள, அதாவது மிச்சம் கிடக்கிற இடங்களுக்கு யூனியளிட்டக் கேக்கிற கட்டம். மனிசி குசினியில நிண்டு அழுகிறா, மகன் படிக்கட்டில இருந்துகொண்டு ஃபோனைப் பாத்தபடியே இருக்கிறான், அசையேல்லை. நான் பெரிய ஆள் மாதிரி அவன்ர ஃபோனை வாங்கி ஒரு யூனிக்கு அடிச்சுக் கதைக்கத் துவங்கினன். அங்க ஃபோன் எடுத்த பிள்ளை மரியாதையாச் சொல்லிச்சுது, மாணவரோடதான் கதைப்பம், தகப்பனோட இல்லை எண்டு. எனக்கு முகத்தில அறைஞ்ச மாதிரி இருந்தது, ஆனா அதுதான் நடந்த நல்ல விசயம். அவன் எழும்பி ஃபோனை வாங்கினான். யூகாஸ் நம்பர், மூண்டு கிரேடு, ஜிசிஎஸ்இ இங்லீஷ் மேத்ஸ், ஏன் இந்தக் கோர்ஸ் எண்டு கேட்டவை, பத்து நிமிசம். மூண்டாவது யூனி ஓம் எண்டது. மிட்லண்ட்ஸ் பக்கம். இப்ப ப்ளேஸ்மன்ட் வருசம், ஒரு கொம்பனியில சம்பளத்தோட நிக்கிறான்.

உங்கட அவர் சொல்லுறதில பாதி சரி. ஆகஸ்ட்டில கிரேடு இறக்கி எடுக்கிற யூனி இருக்குதுதான், கிளியரிங்கில போறது வெக்கமான விசயமும் இல்லை. ஆனா அதை ஒரு திட்டமா வைச்சுக்கொண்டு இருக்கேலாது. ஹோல்ஸ்ல அறையெல்லாம் ஃபர்ம் பண்ணின பிள்ளையளுக்குப் போயிடும், பேந்து வாற ஆக்களுக்கு மிச்சம் கிடக்கிறதுதான். என்ர மகனுக்கு கம்பஸில இருந்து பஸ்ஸில நாப்பது நிமிசம்.

---

ராங்கிங் ராஜா

எல்லாரும் ஆறுதல் சொல்றீங்க, யாரும் நெஜத்தை சொல்லல. ரசல் குரூப் இல்லாத யூனில படிச்சா நல்ல கம்பெனி எவனும் சீவியைக்கூட திறக்க மாட்டான். ஒரு வருஷம் கேப் எடுத்து ரீசிட் பண்ணி, அதாவது திரும்ப பரீட்சை எழுதி, ஏ வாங்கிட்டு போங்க. ஒரு வருஷம் போனா என்ன குடியா முழுகிடும்?

---

கணக்கு டீச்சர்

ராஜா சார், ரீசிட்டை நானும் தப்புன்னு சொல்லல, ஆனா ஏ லெவல் ரீசிட் மே ஜூன்ல மட்டும்தான், அதுவரைக்கும் கிளாஸ் இல்லாம வீட்ல ஒக்காந்து தானா படிக்கணும். அதுக்கு ஒரு கொணம் வேணும், எல்லா பிள்ளைக்கும் அது கெடையாது. ரிசல்ட் வராமலே அக்டோபர்ல அதை முடிவு பண்றது என்ன நியாயம்? அப்புறம் ரசல் குரூப்ங்கறது ஆராய்ச்சி யூனிங்க சேந்த சங்கம், பாடம் நல்லா நடத்தறதுக்குக் குடுத்த சர்டிஃபிகேட் இல்ல. கம்ப்யூட்டிங்குக்கு நான் பாக்கச் சொல்றது பிசிஎஸ்ங்கற கம்ப்யூட்டர் துறை சங்கத்தோட அங்கீகாரம் இருக்கா, ப்ளேஸ்மன்ட் இயர் இருக்கா, டிஸ்கவர் யூனி சைட்ல அந்தக் கோர்ஸ் முடிச்சவங்க பதினஞ்சு மாசத்துல என்ன வேலைல இருக்காங்க. லஃப்பரோ, சரே, ஆஸ்டன், ப்ரூனல் இவங்கள்லாம் ப்ளேஸ்மன்ட்டுக்குப் பேர் போனவங்க, இதுல ரசல் குரூப் ஒண்ணு கூட இல்ல. லஃப்பரோ இந்தப் பொண்ணுக்கு எட்டாது, அது வேற கதை.

---

ஃபவுண்டேஷன் பையன்

ஆன்ட்டி, நான் 2024ல சி சி டி வாங்கி எலக்ட்ரானிக் என்ஜினியரிங் வித் ஃபவுண்டேஷன் இயர்ல (டிகிரிக்கு முன்னாடி அடிப்படை சொல்லித் தர்ற ஒரு வருஷம்) சேந்தேன், இப்ப ஃபர்ஸ்ட் இயர். யாரும் இதை சொல்லாததால சொல்றேன். யூனியே நடத்தற ஃபவுண்டேஷன்னா அது டிகிரியோட ஒரு பகுதி, ஒரே அப்ளிகேஷன், ஸ்டூடன்ட் லோனும் உண்டு. எனக்கு அந்த வருஷ ஃபீஸ் 9,250 பவுண்ட், முழுசா லோன்தான், அதாவது ஒரு வருஷக் கடன் அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனா கணக்கை அடியிலேர்ந்து திரும்ப சொல்லித் தந்தாங்க. ஏ லெவல்ல எனக்குப் புரியாமலே மனப்பாடம் பண்ணின இன்டக்ரேஷன், ஒரு கெபாசிட்டர் சார்ஜ் ஆகறதை லேப்ல ஆசிலோஸ்கோப்ல பாத்தப்பதான் என்னன்னே புரிஞ்சுது. பாஸ் பண்ணினா மட்டும் போதாது, அடுத்த வருஷத்துக்குப் போக இவ்வளவு பர்சன்ட்னு வெச்சிருப்பாங்க, அதை சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. ஃபவுண்டேஷன் முடிச்சிட்டு வேற யூனிக்கு மாறலாம்னும் நம்பாதீங்க, பல எடத்துல அந்தந்த யூனிக்குள்ளதான் செல்லும். உங்க பொண்ணு பி பி சி ன்னா இது தேவையே படாம போகலாம், கீழ இருக்கற அஞ்சாவது சாய்சா வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு, நாலு வருஷ மாஸ்டர்ஸ் சேந்த கோர்சுக்கு பெரும்பாலும் கிரேடு கூட கேப்பாங்க, அதே யூனில மூணு வருஷ பேச்சலரை போட்டு உள்ள போயிட்டு, மார்க் நல்லா இருந்தா நடுவுல மாஸ்டர்ஸுக்கு மாத்திக்க நெறைய எடத்துல விடறாங்க. உங்க பொண்ணு ஈபிக்யூ, அதாவது ஏ லெவலோட தனியா பண்ற ஆராய்ச்சி ப்ராஜெக்ட், பண்றாங்களா? அதுல ஏ வாங்கினா ஒரு கிரேடு கம்மியா ஆஃபர் தர்ற யூனிங்க இருக்கு, சதாம்ப்டன்லயும் அந்த மாதிரி உண்டு. கான்டெக்ஸ்சுவல் ஆஃபர், அதாவது ஏரியா மாதிரி சூழ்நிலையைப் பாத்துக் கிரேடு கொறைச்சுத் தர்றது, கெடைக்குமான்னு போஸ்ட்கோட் போட்டுப் பாருங்க, எங்க தெருவுக்கு கெடைச்சுது, ரெண்டு தெரு தள்ளி என் ஃப்ரெண்டுக்கு கெடைக்கல :(

---

மில்டன்கீன்ஸ் அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஹரோ அண்ணா நீங்க எழுதினதை வீட்டுக்காரருக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன், அந்தப் பக்கத்து அறை விஷயத்துல ஆள் கப்சிப். பேப்பரை வாங்கிப் பாத்தோம். டீச்சர் மேடம், நீங்க என்ன பக்கத்துல நின்னு பாத்தீங்களா? மெக்கானிக்ஸ்ல பதினொரு மார்க் போயிருக்கு, சாய்வான பலகை மேல பெட்டி இருக்கற ஒரு கணக்கு, அதுல படமே போடல அவ. "ஏன்டி போடல"ன்னா "டைம் இல்ல"ங்கறா, கீழ அரைப் பக்கத்துக்கு அடிச்சு அடிச்சு எழுதியிருக்கா, அதுக்கு டைம் இருந்துச்சாம். ஈபிக்யூ பண்றா, அதை வெச்சு ஆஃபர் கொறையும்ங்கறது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மெயிலும் அவளே எழுதிட்டா. மாக்ல 60 பர்சன்ட்டுக்கு மேல வந்தா பி போடறோம்னு எழுத்துலயே பதில் வந்திருக்கு.

ஒரே ஒரு சந்தேகம், வேலை பாத்துட்டே படிக்கற டிகிரி அப்ரன்டிஸ்ஷிப்பையும் யூகாஸோட சேத்து அப்ளை பண்ணலாமா, இல்ல அஞ்சுல ஒண்ணு போயிடுமா?

---

கணக்கு டீச்சர்

போகாது, அது நேரா கம்பெனிக்கு அப்ளை பண்றது, யூகாஸ் அஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஃபீஸும் கெடையாது, சம்பளம் உண்டு, அதனாலேயே போட்டி பயங்கரமா இருக்கும், பல பெரிய கம்பெனிங்க கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மூடிடறாங்க. இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்க. 60க்கு மேலன்னா கைக்கெட்டற தூரம்தான், தெனம் ஒரு மெக்கானிக்ஸ் கணக்கு, படத்தோட.

---

மில்டன்கீன்ஸ் அம்மா

நேத்து ராத்திரி அவளே ஒரு லிஸ்ட் கொண்டு வந்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. மேல சதாம்ப்டன், கடைசியில ஒரு ஃபவுண்டேஷன் கோர்ஸ், நடுவுல மூணு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மேத்ஸ் என்ன கேக்கறாங்கன்னு செவப்பு பேனாவுல. நான் சொன்ன யூனி ஒண்ணு கூட இல்ல, அவங்கப்பா சொன்னதும் இல்ல. ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டோம். மாக் முடிஞ்சதும் வந்து எழுதறேன்.