மறு: இன்டெக்ரபிலிட்டி: ஒருங்கிணைவா, தொகையா?

வணக்கம்.

நம் கட்டுரையில் வரும் இன்டெக்ரபிலிட்டிக்கு (ஓர் அமைப்பின் சமன்பாடுகளைத் துல்லியமாகத் தீர்க்க முடிகிற தன்மைக்கு) ‘ஒருங்கிணைவுத்தன்மை’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவு எனக்கு ஒப்பவில்லை. துகள் இயற்பியல் படித்தவர் அதைப் பார்த்ததும் விசைகளை ஒருங்கிணைக்கும் கோட்பாட்டைத்தான் நினைப்பார். அதுவும் துகள்களுக்கு இடையிலான விசைகளை விவரிக்கும் கேஜ் கோட்பாடு பற்றிய கட்டுரையில்! எத்தனை அடிக்குறிப்பு போட்டாலும் அந்தக் குழப்பம் தீராது.

இங்கே இன்டெக்ரேஷன் என்பது பள்ளியில் படித்த அதே தொகையிடல்தான். சூரியனைச் சுற்றும் ஒற்றைக் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றலும் கோண உந்தமும் மாறாதவை என்பதால் இயக்கச் சமன்பாடு கடைசியில் ஒரு தொகையீடாகச் சுருங்கிவிடும். அதைப் போட்டால் பாதை கிடைத்துவிடும். மூன்றாவதாக ஒரு பொருள் வந்து சேர்ந்ததும் மாறாக் கணியங்கள் போதாமல் போகின்றன. கணித மேதை புவான்காரே தலையை உடைத்துக்கொண்ட இடம் அது. ஆகவே ‘தொகையிடத்தகு அமைப்பு’, ‘தொகைத்தகைமை’ என்பவை என் பரிந்துரை. ‘வகையிடத்தக்க’ என்று ஏற்கெனவே கணிதத்தில் புழங்குகிறோம், அதன் பக்கத்தில் இதுவும் உட்காரும்.

நான்மடி மீச்சமச்சீர் (சூப்பர்சிமெட்ரி) கொண்ட யாங்-மில்ஸ் கோட்பாடு என்ற கேஜ் கோட்பாட்டில் யாரும் தொகையிடுவதில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2002இல் மினஹனும் ஸரெம்போவும் கண்டது, அந்தக் கோட்பாட்டின் ஒரு கணக்கு ஸ்பின் சங்கிலியின் (ஒரே வரிசையில் நிற்கும் நுண்காந்தங்களின் மாதிரியின்) ஆற்றல் கணக்காகவே மாறிவிடுகிறது என்பது. சங்கிலியைத் தீர்க்கும் வழியை இயற்பியலர் பெத்தே 1931லேயே சொல்லிவிட்டார். அதில் வருபவை இயற்கணிதச் சமன்பாடுகள், தொகையீடுகள் அல்ல. ஆனால் மாறாக் கணியங்கள் அங்கேயும் குவிந்து கிடக்கின்றன. அவை இருப்பதால்தான் சங்கிலியில் ஓடும் பல அலைகளின் மோதல், இரண்டிரண்டு பேர் மோதல்களாகப் பிரிகிறது. கோளைக் காப்பாற்றியதும் இதே சரக்குதான். பெயர் பழைய வேரிலேயே இருக்கட்டும்.

அடுத்து ஆம்ப்ளிட்யூட். அலையின் உயரத்துக்கும் இதே சொல், துகள்கள் மோதிச் சிதறும் வாய்ப்பைக் கணிக்க உதவும் அளவுக்கும் இதே சொல். தமிழ்நாட்டு இயற்பியல் நூலில் ‘வீச்சு’. ஆனால் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்து வருவதும் ‘வீச்சு’தான். இலங்கை வழக்கில் அலைக்கு ‘வீச்சம்’ என்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு ‘சிதறல் வீச்சம்’ என்று எழுதினால் சண்டை முடிந்தது.

இந்தத் துறையின் ருசி தெரிய ஒரு கணக்கு. இரண்டு குளுவான்கள் (குவார்க்குகளைப் பிணைக்கும் துகள்கள்) மோதி நான்கு வெளிவர, மோதல் நடக்கும் வழிகளைக் குறிக்கும் ஃபெயின்மன் வரைபடங்களில் வளையமில்லாதவை மட்டும் 220. உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்த்து மொத்தம் ஏழு குளுவான் என்றால் 2485. பார்க்கும் டெய்லரும் 1986இல், இரண்டு குளுவான்களின் சுழல்திசை மட்டும் மற்றவற்றுக்கு எதிராக இருக்கும் வகைக்கு, எத்தனை குளுவான் ஆனாலும் ஒற்றை வரியில் அடங்கும் வீச்சத்தைக் கொடுத்தார்கள். இத்தனை எளிமை எங்கிருந்து வருகிறது என்று தோண்டியபோது, மீச்சமச்சீர்க் கோட்பாட்டில் யாங்கியன் என்ற மறைந்திருந்த சமச்சீர் 2009இல் அகப்பட்டது. சங்கிலியில் வரும் அதே யாங்கியன்!

ஒரு எச்சரிக்கை: சங்கிலியில் அலைகள் ஒரே கோட்டில் சிதறுகின்றன, குளுவான்கள் நான்கு பரிமாண வெளிநேரத்தில். இரண்டுக்கும் ‘சிதறல்’ என்றே எழுதலாம், ஆனால் எது எங்கே என்று கட்டுரையாளர் அந்தந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

‘கேஜ்’ஐ இப்போதைக்குக் கேஜ் என்றே விடலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.