ஜிரோ இசைவிழாவுக்கு மூட்டை கட்டிய கதை

செப்டம்பர் கடைசியில் ஜிரோவுக்குப் போகிறவர்கள் இப்போதே பை கட்டத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டு தடவை போய்வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அருணாசலப் பிரதேசத்தில், கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேலே, அபதானி மக்களின் பள்ளத்தாக்கில் 2012 முதல் நடந்துவரும் விழா இது. மூங்கிலால் கட்டிய மேடைகள்: பகலுக்கு டன்யி, இரவுக்கு பிலோ. அபதானி மொழியில் சூரியனும் சந்திரனும். அங்கே நெல்வயலிலேயே மீனும் வளர்க்கிறார்கள். அப்படியென்றால் அந்த மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்கும்! மழையும் இன்னும் ஓயாத மாதம். நான் அதை எண்ணிப் பார்க்காமல் குளிரை மட்டும் மனதில் வைத்து மூன்று ஸ்வெட்டரும் ஒரு கம்பளியும் எடுத்துப் போனேன்.

கூடாரத்துக்கு அடியில் விரித்த தார்ப்பாய் நான்கு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். இரவில் மழை பிடித்தது. கூடாரத்தின் மேல்விரிப்பில் வழிந்த தண்ணீர் முழுவதும் அந்த நீட்டிய ஓரத்தில் விழுந்து, எங்கள் முதுகுக்கு அடியில் போய்க் குளம் கட்டியது. 2 மணிக்குத் தங்கை என்னை உலுக்கி, "அக்கா, கீழே எல்லாம் தண்ணீர்" என்றாள். கம்பளி நனைந்து கல்லாய்க் கனத்தது. விடியும்வரை இருவரும் பைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குப் பற்கள் கடகடவென்று அடித்தது இன்றும் என் காதில் கேட்கிறது. நாட்டின் கிழக்கு ஓரம் என்பதால் 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது. அது ஒன்றே ஆறுதல்.

அடுத்த தடவை தார்ப்பாயின் ஓரங்களைக் கூடாரத்தின் அடிப்பரப்புக்கு உள்ளேயே அடங்கும்படி மடித்துவிட்டேன். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூடு தராது. ஆகவே செயற்கை இழை அடைத்ததை வாங்கினேன். அதையும், இரவுக்கென்று ஒரு செட் உடையையும், கம்பளிக் காலுறையையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் வைத்தேன். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அந்தப் பையைத் திறக்கக்கூடாது என்று தங்கையிடம் சத்தியமே வாங்கினேன். வெளிமாநிலத்தவர் அருணாசலுக்குள் நுழையத் தேவையான அனுமதிச்சீட்டான இன்னர் லைன் பெர்மிட்டின் நகலும் அதற்குள்தான் இருந்தது.

கிளம்புமுன் மொட்டைமாடியில், விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு முறை கூடாரம் கட்டிப் பழகினோம். நாகர்லகுன் ரயில் நிலையத்திலிருந்து சுமோவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கே மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் விழுந்துவிடுகிறது. போய்ச் சேரும்போது கைக்குத் தெரிந்தால்தான் உண்டு, கண்ணுக்குத் தெரியாது.

* * *

அக்கா, உங்கள் தார்ப்பாய் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது.

குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நண்பனும் நானும் படுத்தோம். காலையில் கூரையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். கூடாரம் ஒழுகுகிறது என்று நினைத்தோம். மழையே பெய்யவில்லை! இரண்டு பேர் விட்ட மூச்சுதான் அப்படிக் குளிர்ந்து சொட்டியது. அன்று முதல் எவ்வளவு குளிர்ந்தாலும் மேல் திறப்பை மூடுவதில்லை.

நான் மறக்காதது வேறொன்று. கூடாரத்தோடு வந்த கம்பி முளைகள் அந்த இளகிய மண்ணில் நிற்கவே இல்லை. கயிற்றை இழுத்ததும் கையோடு வந்தன. வரப்பு வழியே போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசியது அவருக்கும் புரியவில்லை. போய்விட்டார் என்று நினைத்தோம். சற்று நேரத்தில் ஒரு மூங்கில் துண்டோடு வந்து, இடுப்புக் கத்தியால் முழ நீளத்துக்கு எட்டு முளைகள் சீவினார். மேற்பாகம் கூடாரத்தை விட்டு விலகிச் சாயும்படி ஒவ்வொன்றையும் அடித்து இறக்கி, கயிற்றைச் சுண்டிப் பார்த்துத் தலையசைத்தார். பணம் நீட்டினோம், கையை மடக்கி எங்கள் நெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த எட்டு முளைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கே முகாம் போனாலும் அவைதான் முதலில் பைக்குள் போகும்.

* * *

உங்கள் இருவர் குறிப்புகளோடு என் பங்குக்கும் சில. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் ஏற்ற விடமாட்டார்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நான் அதை ஜிரோவிலேயே, ஹபோலி என்ற ஊரின் கடைத்தெருவில் வாங்கினேன். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், இருட்டில் நடப்பவர்கள் தடுக்கி விழாமல் இருப்பார்கள்.

* * *

முளை தந்த பெரியவரைப் பற்றிப் படித்துக் கண் கலங்கிவிட்டது, தம்பி.

நான் எழுத மறந்த ஒன்று. கடைசி நாள் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டிக் கட்டிவிட்டேன். ரயில் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து பிரித்தபோது தையல் ஓரமெல்லாம் கரும்பூஞ்சை. வெந்நீரும் பிரஷ்ஷும் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்துப் பஞ்சால் துடைத்து, மொட்டைமாடியில் நிழல் விழும் பக்கமாக இரண்டு நாள் கட்டி வைத்தேன். பூஞ்சை போய்விட்டது, கறை மட்டும் அப்படியே இருக்கிறது.