ரிம்வேர்ல்டு: வேலை கிடக்கிறது, ஆட்கள் சும்மா திரிகிறார்கள். ஏன்?

கம்பம்மெட்டு:
ரிம்வேர்ல்டு என்ற காலனி கட்டும் கம்ப்யூட்டர் கேமில் என் காலனியில் பதினொரு பேர். வடக்குச் சுவருக்கு ப்ளூபிரிண்ட் (இங்கே கட்டு என்ற குறி) போட்டு ஒரு சீசன் முடியப் போகிறது, ஒரு கட்டம்கூட எழும்பவில்லை. இரும்பு இருக்கிறது, கட்டத் தெரிந்த ஆளும் இருக்கிறது. ஆனால் நான்கு பேர் முற்றத்தில் உலாத்துகிறார்கள், திரையின் வலது ஓரத்தில் 'ஆட்கள் சும்மா இருக்கிறார்கள்' என்ற எச்சரிக்கை போகவே மாட்டேன் என்கிறது. யாருக்கு எந்த வேலை என்று எண் போடும் ஒர்க் டேப்பில், பெட்டி உள்ள அத்தனை பேருக்கும் கட்டுமானம் 1 (முதல் முன்னுரிமை) கொடுத்தாயிற்று. இதற்கு மேல் என்ன செய்ய?

கொழிஞ்சாம்பாறை:
ஒர்க் டேப்பில்தாங்க பிரச்சினை. எல்லோருக்கும் 1 போட்டால் அதில் முன்னுரிமை எங்கே இருக்கிறது? ஒரே எண் இருந்தால் இடமிருந்து வலமாகத்தான் வேலையை எடுப்பார்கள். சுமை தூக்குவதும் துப்புரவும் வலது ஓரத்தை ஒட்டி இருக்கின்றன, சிலருக்கு அந்தப் பெட்டி காலியாகக் கிடக்கலாம். எல்லோருக்கும் அவை இரண்டையும் 4, அதாவது கடைசி முன்னுரிமை, என்று வையுங்கள். எச்சரிக்கை அன்றைக்கே போய்விடும். நான் புதுக் காலனி தொடங்கினாலே முதலில் செய்வது இதைத்தான்.

குமுளி ஏலக்காடு:
எச்சரிக்கை போகும் தம்பி, சுவர் எழும்பாது. அவர் கேட்டது சுவரை.

எண் என்பது எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை மட்டும்தான். ஒரு ஆள் சும்மா நிற்கிறான் என்றால், அவனுக்கு எண் போட்ட எல்லா வேலையையும் கேம் பார்த்துவிட்டது, எதுவும் செய்யக்கூடிய நிலையில் இல்லை என்று அர்த்தம். 1 போட்டாலும் 4 போட்டாலும் அது மாறாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது: பொருள் கிடைக்கவில்லை, வழி இல்லை, அந்த இடத்துக்குப் போக அனுமதி இல்லை, அல்லது திறன் போதவில்லை.

எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறி வருகிற பெண்கள் எந்தக் காடு என்று கங்காணி சொல்லாவிட்டால் நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இங்கேயும் அப்படித்தான்.

கம்பம்மெட்டு, ஒன்று செய்யுங்கள். சும்மா நிற்கும் ஆளைத் தேர்ந்தெடுத்து, ப்ளூபிரிண்டின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். செய்ய முடியாது என்றால் காரணத்தை கேமே எழுதிக் காட்டும். அதை இங்கே போடுங்கள்.

செங்கோட்டை:
நான்கு பேர் சும்மா இருந்தால் என்ன குடி முழுகிவிட்டது? 2014இல் வந்த பேனிஷ்ட் என்ற ஊர் கட்டும் கேமில் தொழில் கொடுக்காத ஆட்கள்தான் மரமும் கல்லும் சுமப்பார்கள். எல்லோரையும் ஏதாவது தொழிலில் பூட்டினால் ஊரே நின்றுவிடும். டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் கேமிலும் வேலை இல்லாதவர்கள் கோயிலுக்கும் மதுக்கடைக்கும் போய் மனத்தைத் தேற்றிக்கொண்டு வருகிறார்கள். ரிம்வேர்ல்டில் என் டாக்டருக்குச் சுமை தூக்கும் வேலை கொடுக்கவே மாட்டேன். எதிரிகளின் ரெய்டு முடிந்து ஒருவன் ரத்தம் கொட்டக் கிடக்கும்போது, டாக்டர் மேப்பின் கடைசி மூலையில் சோளம் சுமந்துகொண்டிருந்தால் யார் பதில் சொல்வது?

கொழிஞ்சாம்பாறை:
டாக்டர் சரிங்க, ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள்? பேனிஷ்டில் தொழில் இல்லாதவன் உண்மையில் சுமக்கிறான், அதுவும் ஒரு வேலை. ரிம்வேர்ல்டில் உலாத்துகிறவன் எதையும் சுமப்பதில்லை. அதுவும் 10ஐ எட்டிய திறன் பயிற்சி இல்லாமல் தேயும் கேம் இது. நல்ல கைவினை ஆளை முற்றத்தில் நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்காது. கல் வெட்டும் மேசையில் 'எப்போதும் செய்' என்று ஒரு பில் (வேலை உத்தரவு) போடுங்கள், ஒரு பாறைத் துண்டுக்கு 20 கல் வரும். சுவரையே கல்லில் கட்டலாம், தீயும் பிடிக்காது.

கம்பம்மெட்டு:
மழையில் எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது, அதனால் தாமதம். அக்கா சொன்னபடி பார்த்தேன். மூன்று பேருக்கு 'பொருள் தேவை: இரும்பு' என்று வருகிறது. ஆனால் இடது மேல் மூலையில் இரும்பு 400க்கு மேல் காட்டுகிறதே. நான்காவது ஆளுக்குக் கட்டுமானப் பெட்டியே இல்லை.

குமுளி ஏலக்காடு:
மேல் மூலையில் வருவது ஸ்டாக்பைலில் (சேமிப்பு இடத்தில்) கிடக்கும் பொருளின் கணக்கு. அந்த ஆள் அங்கே போகலாமா என்பதை அது பார்க்காது. இரும்பின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு, அதாவது தொடக்கூடாது என்ற குறி, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த மூன்று பேருக்கும் நடமாட எந்த ஏரியா ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

கம்பம்மெட்டு:
குறுக்குக் கோடு இல்லை. மூன்று பேருக்கும் உள்முற்ற ஏரியா, இரும்பு கிடப்பது அதற்கு வெளியே. ஏரியாவை எடுத்துவிட்டேன், இரும்பைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் போகிறார்கள்!

கொழிஞ்சாம்பாறை:
நல்லதுங்க. ஆனாலும் எல்லோருக்கும் 4 வைத்திருந்தால் அந்த ஒரு சீசன் முழுக்க வீடாவது சுத்தமாக இருந்திருக்கும், அழுக்கில் மனநிலை இறங்கியிருக்காது. அதை யாரும் மறுக்க முடியாது.

குமுளி ஏலக்காடு:
மறுக்கவில்லை தம்பி. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு 4 வையுங்கள் என்கிறேன். முதலிலேயே வைத்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். அப்புறம் இரும்பு வெளியே கிடப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால் அந்த எச்சரிக்கை கேம் நமக்குச் செய்கிற பெரிய உதவி. அதை வாயடைக்கக் கூடாது.

செங்கோட்டை:
நான்காவது ஆள் யார்? சுமையும் தூக்க மாட்டாரா?

கம்பம்மெட்டு:
சுமை, துப்புரவு எதற்குமே பெட்டி இல்லை, அவர் பின்கதை அப்படி. ஆராய்ச்சி மட்டும் 1. திட்டமும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

குமுளி ஏலக்காடு:
எந்த ஆராய்ச்சி பெஞ்ச்? சாதாரண பெஞ்சுக்கு மின்சாரம் வேண்டாம், ஹைடெக் பெஞ்சுக்குக் கட்டாயம் வேண்டும்.

கம்பம்மெட்டு:
ஹைடெக். அதன் மேல் மின்சாரம் இல்லாத குறி மினுக்கிக்கொண்டிருக்கிறது, ஒயரே போய்ச் சேரவில்லை. சுவரில் இருக்கும் மூவரில் ஒருவரை இழுத்து முதலில் ஒயர் போடச் சொல்கிறேன்.