புதுப்பிப்பு: அப்பாவின் டயாலிசிஸ், அம்மாவின் நகைக்கடன்

அப்பாவுக்கு வாரம் 2 முறை தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவு, அம்மாவின் நகையெல்லாம் அடகில் என்று 4 மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். பலர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டோம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் வருமானச் சான்று தேவைப்பட்டது. அதற்கு மட்டும் மூன்று நடை. பிறகு குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனோம். இப்போது அரசு மருத்துவமனையில் அந்த அட்டையிலேயே டயாலிசிஸ் நடக்கிறது. காசு கேட்பதில்லை. காலை 5 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருக்கும் செவிலியர் அப்பாவை "வாங்க ஐயா" என்று அழைத்து, கை வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுகிறார்.

ஆனால் பழைய கடன் அப்படியே நிற்கிறது. முதல் மருத்துவமனையில் யாராவது ஒருவர் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்பே கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். தோட்டையாவது முதலில் மீட்க வேண்டும். வட்டி கட்ட 18ஆம் தேதி கடைசி நாள். பாதிப் பணம் சேர்ந்திருக்கிறது.