சிஇஏ 2.1 வந்தது, நிலையோ மூன்று

அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று கொலோனோஸ்கோபியில் தெரிந்த வாரமே ரத்தத்தில் சிஇஏ (சில புற்றுக்கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம்) பார்த்தார்கள். 2.1. ஐந்துக்குள் இருந்தால் இயல்பு என்று ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பினேன். ஆரம்ப நிலைதான், ஆபரேஷனோடு முடிந்துவிடும் என்று அம்மாவுக்குத் தைரியம் வேறு சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. டி3, என்1பி, அதாவது மூன்றாம் நிலை. வெட்டியெடுத்த 17 நிணநீர் முடிச்சுகளில் மூன்றில் புற்று இருந்தது. அப்பா டாக்டரிடம், "ரத்தத்துல 2.1தானே சார் இருந்தது?" என்று கேட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

டாக்டர் பென்சிலை எடுத்து, குடல் சுவரை நாலு கோடுகளாக வரைந்தார். தசை அடுக்கைத் தாண்டிக் கொழுப்புவரை கட்டி போயிருந்தால் டி3. பக்கத்து முடிச்சுகளுக்குப் பரவினால் என். கல்லீரல், நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போனால் எம். நிலையை முடிவு செய்வது இவைதான், சிஇஏ அதில் சேராது. சில கட்டிகள் சிஇஏவை அதிகம் சுரப்பதே இல்லையாம். புகை பிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் புற்று இல்லாமலே அது கூடலாம்.

உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் எத்தனை முடிச்சுகளைப் பரிசோதித்தார்கள் என்று தயவுசெய்து பாருங்கள். குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டு 'பரவவில்லை' என்று எழுதியிருந்தால், டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

*

இன்னொரு குடும்பத்தின் அனுபவம்: எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன் சிஇஏ 38. ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் 1.9. அப்பாடா என்று இருந்தது. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து கொடுத்த கீமோவின் நாலாவது சுற்றில் திடீரென்று 6.4 ஆனது. அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, கீமோவாலேயே கொஞ்ச நாள் ஏறலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் எதுவும் இல்லை. மருந்து முடிந்த பிறகு தானாக 2.2-க்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுக்கச் சொன்னார். பரிசோதிக்கும் முறை மாறினால் எண்ணும் மாறுமாம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறார். 6.4-ஐ மட்டும் வட்டம் போட்டிருக்கிறார்.