பிசாவ் கொட்டை வாங்கப் போனவர்களின் அனுபவம்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களுக்கு பிசாவ் கொட்டை, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் விளையும் ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை என்றால் தனி மரியாதை. 80 கிலோ மூட்டைக்கு 50 பவுண்டு எடைக்கு மேல் பருப்பு தேறும். அதை வாங்கத்தான் சீசனில் கினி-பிசாவில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன நாடு, இருபது லட்சம் சொச்சம் ஜனம். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரிதான், அதுவும் ஓட்டோடு. உடைப்பதும் தோலுரிப்பதும் இந்தியாவில், வியட்நாமில். அங்கேயே உடைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆலை இல்லாமல் இல்லை. கரண்டை நம்ப முடியாது, டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டினால் கணக்கு உதைக்கும். நாணய மதிப்பில் மட்டும்தான் தலைவலி இல்லை. 1997 முதல் அங்கே சிஎஃப்ஏ பிராங்க், மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் பொதுவான நாணயம்; இப்போது ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று மதிப்பைக் கட்டிப்போட்டது.

கிராமத்தில் கதையே வேறு. சதுப்பில் நெல் போட்டவர்கள் முந்திரிக்கு மாறிவிட்டார்கள், சோற்றுக்கு இறக்குமதி அரிசி. கொட்டையை அளந்து அரிசியை வாங்கிப்போகிற பண்டமாற்று இன்றும் உண்டு. நல்ல வருஷத்தில் கிலோவுக்குக் கிலோ. விலை விழுந்தால் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு, மூன்று கிலோ கொட்டை போகும். நடுவில் மூட்டை சேர்க்கிறவர்களில் மௌரிடானியா வியாபாரிகள் நிறைய. விவசாயி கையில் என்ன நிற்கும் என்று நீங்களே பாருங்கள்.

இதனால்தான் அரசு ஒவ்வொரு சீசனுக்கும் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. 2018-ல் கிலோவுக்கு 1000 பிராங்க் என்றார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் உலகச் சந்தை அந்த விலைக்கு இல்லை. வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள், கொட்டை தேங்கியது. எனக்கு அந்த அறிவிப்பில் தேர்தல் வாசனைதான் அடித்தது.

---

அண்ணே, உங்க அனுபவத்தைப் படிச்சேன். நான் எல்லைக்கு அந்தப்பக்கம், செனகலில் ஜிகின்ஷோரில் கொள்முதல் பார்த்தவன். நீங்க தேடின கொட்டையில கொஞ்சம் எங்ககிட்டதான் வந்திருக்கும்! பிசாவில் வரியும் துறைமுகத் தாமதமும் சேர்ந்தா ராத்திரியோட ராத்திரியா சரக்கு காட்டுவழியா இந்தப்பக்கம் வந்திடும். அது அந்த நாட்டு ஏற்றுமதிக் கணக்குலயே ஏறாது. 

புதுசா போறவங்களுக்கு ஒண்ணு: மழைக்கு முன்னாடி லோடு ஏத்திடுங்க. ஈரம் 10 சதவீதம் தாண்டின மூட்டை கன்டெய்னருக்குள்ள வேர்த்துடும். தூத்துக்குடியில திறக்கும்போது பூஞ்சை பிடிச்சிருக்கும். கொட்டையை வெட்டி உள்ளே பருப்பைப் பார்க்காம முன்பணம் கொடுக்காதீங்க.