ரைஸ் ஒஃப் கிங்டம்ஸ் என்ற போன் கேமைக் காசு போடாமல் ஆடுபவர்கள் முதலில் எந்தக் கமாண்டரை வளர்த்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அட்டன் கொமியூனிகேஷன்

கடைக்கு ரீலோட் போட வரும் பையன்களில் பாதிப் பேர் கேட்பது இதுதான்: "அண்ணே, ரைஸ் ஒஃப் கிங்டம்ஸ்ல யாரை வளர்க்கிறது?" கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். யூடியூப்பில் யாரோ ஒருவர் தங்கக் கமாண்டரை (தங்க நிறம்தான் உச்சத் தரம், அதற்குக் கீழே ஊதா, பிறகு நீலம்) வைத்து எதிரியைத் துவைத்து எடுப்பதைப் பார்த்திருப்பார்கள். அதே கமாண்டர் வேண்டும். அந்த வீடியோக்காரர் அதற்கு எவ்வளவு கொட்டினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரு தங்கக் கமாண்டரின் நாலு ஸ்கில்லையும் ஐந்தாம் லெவலுக்குக் கொண்டுபோக 690 ஸ்கல்ப்சர் (ஸ்கில்லை ஏற்றக் கொடுக்கும் கமாண்டர் சிலை) வேண்டும். காசு போடாதவர் அதைச் சேர்த்து முடிப்பதற்குள் புதிதாக இன்னும் நாலு கமாண்டர் வந்துவிடுவார்கள்.

நான் சொல்வது, பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து ஆளை எடுங்கள். எந்த வேலை என்பதை உங்கள் சிக்னலும் ஓய்வு நேரமும் முடிவு செய்யட்டும்.

எனக்குப் பகலில் போனைத் தொட நேரம் கிடையாது. கடை சாத்திய பிறகுதான். அதற்குள் ஆக்‌ஷன் பொயின்ட், அதாவது சண்டைக்குச் செலவாகித் தானாகவே நிரம்பும் புள்ளி, நிரம்பி வழியும். அதை ஒரே இருப்பில் செலவழித்துக் காசாக்க வேண்டும் என்றால் பார்பேரியன், அதாவது மேப்பில் கேமே நிறுத்தி வைக்கும் எதிரிப் படை, அதை அடிக்கிற கமாண்டர்தான் சரி. ஒவ்வொரு கமாண்டருக்கும் மூன்று டேலண்ட் மரம், அதாவது பொயின்ட் போட்டுத் திறமை கூட்டும் கிளை, இருக்கும். அதில் பார்பேரியன் அடிக்க உதவும் பீஸ்கீப்பிங் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஊதாவில் லோஹார், பூடிக்கா இரண்டு பேருக்கும் இருக்கிறது. நான் எடுத்தது லோஹாரை. ஆள் பார்க்க முரட்டுத்தனமாக இருப்பான், வீடியோக்காரர்கள் யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் பார்பேரியன் அடிக்கவென்றே செய்து வைத்த ஆள்.

ஒரு படைக்கு இரண்டு கமாண்டர் போடலாம், ஆனால் முன்னால் நிற்பவரின் டேலண்ட் மட்டும்தான் கணக்கில் வரும். பின்னால் நிற்பவரிடமிருந்து ஸ்கில் மட்டும் கிடைக்கும். அதனால் பீஸ்கீப்பிங் பொயின்ட் போட்ட லோஹார் முன்னுக்கு, பூடிக்கா பின்னுக்கு. பூடிக்காவுக்குத் தனியாக டேலண்ட் யோசித்து மண்டையை உடைக்கத் தேவையில்லை.

படையை நகரத்துக்குத் திருப்பாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடித்துக்கொண்டே போனால் ஆக்‌ஷன் பொயின்ட் செலவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால் நான் முதலில் மேப்பில் கிட்டக் கிட்ட நிற்கிற பார்பேரியன்களைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் படையை வெளியே எடுப்பேன். ஒன்று விழுந்ததும் அடுத்தது. தன் சக்திக்கு மிஞ்சிய லெவலைத் தொட்டால் நாலாவது பார்பேரியனிலேயே படை பாதியாகிவிடும், திரும்பத்தான் வேண்டும், குறைந்து வந்த செலவும் பழையபடி ஏறிவிடும். ஒரு லெவல் குறைத்து நீளமாக ஓடுவதுதான் லாபம்.

இன்னொன்று. ஸ்கல்ப்சர் கொடுக்கும்போது, திறந்திருக்கிற ஸ்கில்லில் எது ஏறும் என்பது குலுக்கல் மாதிரி. ஒரு நட்சத்திரத்தில் முதல் ஸ்கில் மட்டும்தான் திறந்திருக்கும், இரண்டாவது நட்சத்திரத்தில் இரண்டாவது. அதனால் தங்கக் கமாண்டர் வைத்திருப்பவர்கள் முதல் ஸ்கில் ஐந்தாகும்வரை நட்சத்திரம் ஏற்றாமல் பிடித்து வைப்பார்கள். லோஹாருக்கு அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். நாலையும் எப்படியும் நிரப்பத்தான் போகிறீர்கள், முன்னே எது ஏறினால் என்ன? லெவல் உச்சி நட்சத்திரத்துக்குப் பத்து என்று ஏறுவது, ஆறு நட்சத்திரத்துக்கு 60. லோஹாரை அங்கே கொண்டுபோய்விட்டுத்தான் மற்றவர்களைத் தொட்டேன்.

நீங்கள் யாரை வளர்த்தீர்கள், ஏன்? வீடியோவில் பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

பொகவந்தலாவை மேல்கணக்கு

அண்ணே, உங்களுக்கு இராவில் இருந்து ஆட டவுனில் சிக்னல் இருக்கிறது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்தால் ஒரு கோடுகூட வராது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் கேம் திறக்கும். இந்த லட்சணத்தில் ஒவ்வொரு பார்பேரியனாகத் தேடி அடிப்பது நடக்கிற காரியமா? ஆனி ஆடி மழையில் அங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் வளர்த்தது கெதரிங், அதாவது வளம் அள்ளும் ஆட்களை. ஜோன் ஒஃப் ஆர்க், அப்புறம் நீலத்தில் சார்க்கா, கேயஸ் மேரியஸ். ஜோனின் மூன்று மரத்தில் கெதரிங் ஒன்று. எல்லாரும் அவளைப் படைக்குத் துணையாகப் பின்னால் நிறுத்துவார்கள், நான் முழுப் பொயின்டையும் கெதரிங்கில் போட்டேன். காலையில் பெரட்டு (தோட்ட வேலைக்கு ஆள் கூடும்) நேரத்துக்கு மேட்டுக்கு ஏறி, எல்லா மார்ச்சையும் (வெளியே அனுப்பும் படை) வயலுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் அனுப்பிவிட்டு இறங்கிவிடுவேன். சுமை நிரம்பியதும் அவர்களாகவே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாலை ஏறினால் திரும்ப அனுப்புவது, அவ்வளவுதான். டேட்டாவும் பெரிதாகப் போகாது.

இதில் பலருக்குத் தெரியாதது, எந்தப் படையை அனுப்புவது என்பது. குதிரை, காலாள் எல்லாம் வேண்டாம், சீஜ் வண்டிகளை (முற்றுகை வண்டி) அனுப்புங்கள். சுமக்கிற அளவு அதற்குத்தான் கூட. சண்டைக்கு ஆகாத வண்டி என்று பயிற்சியே கொடுக்காமல் விட்டிருப்பவர்கள் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் அலையன்ஸில் (ஆட்டக்காரர் கூட்டணி) சண்டைக் கமாண்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் போனில் சார்ஜ் இல்லாமல் முழித்தார்கள். என் நகரம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அலையன்ஸ் நிர்வாகியான ஆர்4 கூட வந்து கேட்டார், "தம்பி, காசு போட்டாயா?" என்று.

பண்டாரவளை அக்கா

தம்பிமாரே, அள்ளுவதும் அடிப்பதும் சரி, அள்ளியதைக் காப்பாற்றுவது யார்?

நான் கேமில் என் நாடாகச் சீனாவை எடுத்துத் தொடங்கியதால் சுன் சூ என்ற கமாண்டர் கையோடு கிடைத்தார். காலாள், கேரிசன் (நகரக் காவல்), ஸ்கில் மூன்று மரமும் அவருக்கு. கேரிசனில் பொயின்ட் போட்டு மதிலில் நிறுத்தினேன். ஒத்த அளவுப் படைக்காரன் வந்து மோதிவிட்டு நொந்துபோய்த் திரும்பியதும் உண்டு, அந்த ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐந்து மடங்கு பெரியவன் ரெலி (பலர் படையை ஒன்றாகச் சேர்த்து அடிப்பது) கட்டிக்கொண்டு வந்தால் சுன் சூவும் தாங்க மாட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் நிரம்பினால் மிச்சக் காயக்காரர்கள் செத்துப்போவார்கள், அது திரும்பி வராது. தூங்கப் போகிறவருக்குக் கேரிசன் கமாண்டரைவிட 8 மணி நேர ஷீல்ட் (யாரும் நகரத்தை அடிக்க முடியாத காப்பு) மலிவு. 24 மணி நேரத்துக்கும், மூன்று நாளுக்கும்கூட இருக்கிறது.

ஆகவே கேரிசன் ஆளைத் தனி ஆட்டக்காரர் முதலாவதாக வளர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. அலையன்ஸ் கொடியைக் காக்கவும் கோட்டையைப் பிடித்து வைக்கவும்தான் அந்த ஆள் உதவுவார். அப்படிக் கட்டுக்கோப்பான அலையன்ஸ் இருந்தால் மட்டும் வளருங்கள். எங்கள் கிங்டமில் ஒருத்தர் ரிச்சர்ட் என்ற கேரிசன் கமாண்டரை வளர்த்து வைத்திருந்தார், அலையன்ஸ் கலைந்த பிறகு அந்த ரிச்சர்ட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

பொகவந்தலாவைத் தம்பிக்கு ஒன்று: கெதரிங் படையை வயலில் வைத்துப் பிறர் அடிப்பார்கள். கிங்டம் சூடாக இருக்கிற நாளில் அலையன்ஸ் எல்லைக்குள்ளேயே அள்ளு.

பதுளை ரயில்

கொழும்பில் வேலை, தீபாவளி பொங்கலுக்குத்தான் ஊர். ரயிலில் வரும்போது நானும் லோஹார்தான் ஓட்டுவேன். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையே சுரங்கத்துக்குள் போனதும் சிக்னல் செத்துவிடும். ஆனால் கிளம்பிய மார்ச் நிற்காது, அங்கே சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும். வெளியே வரும்போது பார்பேரியன் விழுந்திருக்கும், படை வெட்டவெளியில் சும்மா நிற்கும். நிற்கிற படையை யாரும் வந்து தட்டலாம். சுரங்கம் வருவது தெரிந்தால் ஒன்று திரும்ப அழைத்துவிடுங்கள், இல்லையென்றால் தூரத்தில் இருக்கிற பார்பேரியனைக் கொடுங்கள், நடந்து போகவே நேரம் பிடிக்கும். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்த அன்று கேமை மூடிவிட்டு வெளியே பாருங்கள் என்பது வேறு கதை.

மஸ்கெலியா புதுசு

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. நான் இன்னும் கேமில் நாடே தெரிவு செய்யவில்லை. பீஸ்கீப்பிங்தான் வளர்ப்பது என்றால் எந்த நாட்டை எடுப்பது? தங்கத்தில் யாருமே கிடைக்க மாட்டார்களா, காசு போடாமல்?

அட்டன் கொமியூனிகேஷன்

பிரிட்டனை எடு தங்கச்சி. தொடக்கத்திலேயே பூடிக்கா கிடைப்பாள். பிரான்ஸ் எடுத்தால் ஜோன், அது பொகவந்தலாவைத் தம்பியின் வழி. நாட்டைப் பிறகு மாற்றினாலும் வளர்த்த கமாண்டர் உன்னிடமே இருப்பார், அதற்குப் பயப்படாதே. லோஹார் டெவர்ன் (கேமில் பெட்டி திறக்கும் கட்டடம்) பெட்டிகளில் வருவான். அதுவரை பூடிக்காவை முன்னால் நிறுத்திப் பீஸ்கீப்பிங் பொயின்ட் போட்டு ஓட்டு.

தங்கத்தில் ஏதெல்ஃப்ளேட் இருக்கிறாள். எக்ஸ்பெடிஷன் (கேமுக்குள் கட்டம் கட்டமாக வரும் தனிச் சண்டை) விளையாடிச் சேர்க்கிற மெடலைக் கொடுத்து அங்குள்ள கடையிலேயே அவளுடைய ஸ்கல்ப்சரை வாங்கலாம், பாங்க் கார்ட் எதுவும் தேவையில்லை. அவளுக்கும் பீஸ்கீப்பிங் மரம் உண்டு, கூடவே லீடர்ஷிப், சப்போர்ட். லோஹார் முற்றிய பிறகு அவள் அந்த இடத்துக்கு வரலாம். மெடலைக் கடையில் வேறு பொருளுக்கு விடாதே. கண்டதை எல்லாம் காட்டி ஆசை காட்டுவார்கள்.

பண்டாரவளை அக்கா சொன்ன ஷீல்ட் விஷயத்தில் நானும் அவர் பக்கம். ஆனால் பீஸ்கீப்பிங் டேலண்ட் போட்ட ஆளை மதிலில் மட்டும் நிறுத்திவிடாதே. அந்தப் பொயின்ட் பெரும்பாலும் பார்பேரியனுக்கு எதிராகத்தான், ஆள் வந்து மோதும்போது அதிகம் வேலை செய்யாது.

பண்டாரவளை அக்கா

அட்டன் தம்பி, எக்ஸ்பெடிஷனைத் தினமும் ஒரு தடவை தொடச் சொல்லுங்கள் பிள்ளைக்கு. முடித்த கட்டத்துக்கும் அன்றாடம் ஏதாவது கிடைக்கும், நம் ஆட்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் மஸ்கெலியாவில் எந்த சிம் எடுக்கிறது என்று அடுத்துக் கேட்பாள், அதற்கும் ஒரு பதிலை இப்போதே தயார் பண்ணி வையுங்கள்.